காய்ச்சல் லெட்டர்

போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி எங்க அக்கா பையன் ஒரு பேப்பரைக் கொண்டு வந்து நீட்டுனான். "சித்தி, அம்மா இன்னும் வரல, நீ ஒரு சைன் போட்டுரு"ன்னான். லீவ் லெட்டர். ஒன்பதாவது படிக்கிறான். மறுநாள் வெள்ளியும் அடுத்த திங்களும் லீவு வேணும், ஊர்ல மாரியம்மன் கோயில் பொங்கல், இந்த வருசம் அவங்க வீட்ல முளைப்பாரி எடுக்கிறாங்க. பேப்பரை வாங்கிப் பாத்தா "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னு ஆரம்பிக்குது. யாருக்குடா காய்ச்சல்னு கேட்டேன். "யாருக்கும் இல்ல சித்தி, லீவ் லெட்டர்னா அப்பிடித்தான எழுதணும்"னான். முகத்துல கள்ளத்தனமே இல்ல. பொய் சொல்றோம்ங்கிற நினைப்பே அவனுக்கு இல்ல. லெட்டர்னா அது, அவ்வளவுதான்.

நான் சைன் போடல. சாப்பிட்டுட்டு வா, பேசுவோம்னு அனுப்பிட்டு அந்தப் பேப்பரை கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த வரி எனக்கு அத்துப்படி. எந்த இடத்துல கமா வரும்ங்கிறது வரைக்கும் தெரியும், ஏன்னா நானும் அதையேதான் எழுதினேன், அதுவும் எழுதவே கூடாத ஒரு வாரத்துல எழுதினேன்.

தாத்தா செத்த வாரம்

2003. நானும் அப்ப ஒன்பதாவது. தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூல். எங்க தாத்தா ஒரு செவ்வாக்கிழமை விடியக்காலைல இறந்துட்டாரு. என்னைத் தூக்கி வளத்தவரு, தறி ஓட்டிக்கிட்டே எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தவரு. நாலு நாள் ஸ்கூலுக்குப் போகல. அஞ்சாவது நாள் போகும்போது லீவ் லெட்டர் வேணும், அதுவும் இங்கிலீஷ்ல வேணும், அது எங்க கிளாஸ்ல ரூல். இங்கிலீஷ் ரெண்டாம் தாளுக்கு மனப்பாடம் பண்ணின லெட்டர் எனக்கு மொத்தம் மூணுதான் தெரியும். லீவ் லெட்டர் ஒண்ணு, புத்தகக் கடைக்கு புத்தகம் கேட்டு ஒண்ணு, தெருவுல குப்பை அள்ளலைன்னு முனிசிபாலிட்டி கமிஷனருக்கு ஒண்ணு. லீவ் லெட்டர்ல காய்ச்சல் மட்டும்தான் இருந்துச்சு.

ராத்திரி உக்காந்து யோசிச்சேன். கிராண்ட்ஃபாதர் தெரியும். அதுக்கப்புறம் என்ன போடணும்? "இஸ் டெட்"டா, "டைட்"டா? நோட்டீஸ்ல எல்லாம் "எக்ஸ்பையர்ட்"னு போடுறாங்களே, அதுவா? அடுத்து பதினாறாம் நாள் காரியத்துக்கும் ரெண்டு நாள் வேணும்னு கேக்கணும், காரியத்துக்கு இங்கிலீஷ்ல என்ன? வீட்ல கேக்க ஆள் இல்ல. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருந்துச்சு, தாத்தா சாவைப் பத்தி எழுதி அதுல மிஸ்டேக் வந்து யாராவது சிவப்பு மையில சுழிச்சுட்டா அதை என்னால தாங்கிக்க முடியாதுன்னு தோணுச்சு. அதனால தெரிஞ்ச லெட்டரையே எழுதினேன். ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.

டீச்சர் நல்லவங்க. லெட்டரைப் படிச்சுட்டு என் முகத்தைப் பாத்தாங்க. நாலு நாள் அழுது கண்ணு ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு. "காய்ச்சல் இப்ப பரவாயில்லயாம்மா?"ன்னு கேட்டாங்க. பரவாயில்ல டீச்சர்னு சொல்லிட்டு போய் உக்காந்துட்டேன். அன்னைக்கு அவங்ககிட்ட தாத்தா செத்துட்டாருன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலையைத் தடவிக் குடுத்திருப்பாங்க. ஆனா லெட்டர்ல எழுதிக் குடுத்தாச்சு, அதுக்கப்புறம் வாயால எப்பிடி வேறொண்ணு சொல்றது? இத்தனை வருசத்துல இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அப்பாவோட பத்தாயிரம்

அடுத்ததைச் சொன்னாத்தான் நான் சொல்ல வர்றது புரியும். 2022 ஜூன் 4, சனிக்கிழமை. அப்பா ஏடிஎம்ல பத்தாயிரம் எடுக்கப் போனாரு. கார்டைப் போட்டு நம்பரை அழுத்தினதும் உள்ள நோட்டு எண்ணுற சத்தம் கேட்டுச்சாம், அப்புறம் சத்தம் நின்னுருச்சாம், பணம் வரல. ஸ்லிப் மட்டும் வந்துச்சு. வெளிய வர்றதுக்குள்ள போன்ல மெசேஜ், அக்கவுண்ட்ல இருந்து பத்தாயிரம் கழிஞ்சிருச்சுன்னு. அவரு சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி தறில நாப்பது வருசம் நின்னவரு. பத்தாயிரம்ங்கிறது அவருக்கு சின்னத் தொகை இல்ல. அந்த ஸ்லிப்பை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, "பாப்பா, நீ இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுது, தமிழ்ல எழுதுனா மேனேஜருக்குத் தெரியாது"ன்னாரு. மேனேஜர் வேற மாநிலத்துக்காரர், அது நிசம்தான்.

நான் அப்ப ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டிருந்தேன். பி.காம் முடிச்சிருக்கேன், தினமும் இங்கிலீஷ்ல மெயில் பாக்குறேன். ஆனா ஒரு வெள்ளைத்தாளை முன்னாடி வச்சு பேங்குக்கு லெட்டர் எழுதுன்னு சொன்னதும் கை தன்னால ஒன்பதாவது கிளாஸுக்குப் போயிருச்சு. "ரெஸ்பெக்டெட் சார், ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்"னு ஆரம்பிச்சேன். அப்பா வயசு, அவரு பட்ட கஷ்டம், சுகர் மாத்திரைக்கு மாசம் எவ்வளவு ஆகுது, பெரிய மனசு பண்ணி உதவணும், "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்"னு ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ரெண்டு மூணு வாட்டி படிச்சு கிராமர் பாத்தேன். தப்பே இல்ல. எனக்கே கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. திங்கக்கிழமை ஜூன் 6, அப்பாவே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தாரு. கவுன்டர்ல இருந்தவரு வாங்கி ஒரு ட்ரேல போட்டாரு, பாக்குறோம்னு சொன்னாரு. மூணு வாரம் ஓடிருச்சு. அப்பா நடுவுல நாலு தடவை போயிட்டு வந்தாரு, ஒவ்வொரு தடவையும் "மேல அனுப்பியிருக்கோம்"ங்கிற பதில்தான்.

அந்த ஸ்லிப் சூட்டுல எழுத்து விழுற வழுவழு பேப்பர், மையே கிடையாது. ஜூன் மாச வெயில்ல, வேர்வை ஊறின சட்டைப் பையில மூணு வாரம் இருந்து, எழுத்தெல்லாம் சாம்பல் நிறமா வெளுத்துக்கிட்டு வந்துச்சு. மடிப்பு விழுந்த இடத்துல நம்பரே போயிருச்சு. அதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் படிக்க முடியும்ங்கிற நிலைமை. அதைப் பாத்து ஆத்தமாட்டாமதான் பெரியப்பாகிட்ட போனேன்.

"இதுல எங்க தாயி இருக்கு?"

பெரியப்பா, அப்பாவோட ஒண்ணுவிட்ட அண்ணன், தபால் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் லெட்டர் காப்பியை நிதானமா படிச்சாரு. நல்லா எழுதியிருக்கன்னு சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். அவரு கேட்டது, "பணம் என்னைக்குத் தாயி போச்சு?" சனிக்கிழமை, நாலாம் தேதின்னேன். "இதுல எங்க தாயி இருக்கு?" திரும்ப வாங்கிப் பாத்தேன். தேதி இல்ல. லெட்டர் எழுதின தேதி மேல இருக்கு, பணம் போன தேதி எங்கயும் இல்ல. "எத்தனை மணிக்கு? எந்த இடத்து மெஷின்? அந்த பேங்க் மெஷினா, வேற பேங்க் மெஷினா? கார்டோட கடைசி நாலு நம்பர்?" ஒண்ணுமே இல்ல. ஒரு பக்க லெட்டர்ல பத்தாயிரம்ங்கிற தொகை மட்டும் கடைசிக்கு முந்தின வரில ஒரே ஒரு தடவை வருது.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவரு என்னைத் திட்டல. நாள் காட்டில இருந்து கிழிச்ச தாள் ஒண்ணைத் திருப்பி வச்சுக்கிட்டு, "தமிழ்ல சொல்லு, நடந்ததை நடந்த மாதிரி சொல்லு, நான் எழுதிக்கிறேன்"ன்னாரு. நான் சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு, கஷ்டம் கிஷ்டம்னு ஆரம்பிச்சா பேனாவை நிறுத்திட்டுப் பாப்பாரு. ஏழு வரி வந்துச்சு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மெஷின், எவ்வளவு, ஸ்லிப்ல என்ன நம்பர், என்னைக்கு வந்து சொன்னோம், இப்ப என்ன வேணும். "இனி ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷ்ல மாத்து. ஒரு வரிக்கு ஒரு வரி. அதுக்கு மேல ஒண்ணும் சேக்காத." மாத்தினேன். சின்னச் சின்ன வாக்கியம், எட்டாவது படிக்கிற பிள்ளையே எழுதிரும். அவ்வளவு சாதாரண இங்கிலீஷ்ல பேங்குக்கு எழுதலாமான்னு கூச்சமா இருந்துச்சு.

அப்புறம் அவரு கேட்டாரு, "நம்ம ஊர்ல லெட்டர் எழுதும்போது நலம், நலமறிய ஆவல்னு எழுதிட்டு அடுத்து என்ன போடுவோம்?" நிற்க, அப்பிடின்னேன். "அது எதுக்கு?" எனக்கு பதில் தெரியல. தாத்தா மிலிட்டரில இருந்த அவரு தம்பிக்கு எழுதுற இன்லண்ட் லெட்டர் எல்லாத்துலயும் அது இருக்கும், ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. பெரியப்பா சொன்னாரு, "குசலம் விசாரிச்சது போதும், அது அங்கயே நிக்கட்டும், இனி விசயத்துக்கு வர்றேன்னு அர்த்தம். உன் லெட்டர்ல நீ கும்பிட்டுக்கிட்டே இருக்க தாயி, நிற்கவே வரல."

அன்னைக்கு அந்தத் திண்ணைல எனக்கு என்னமோ ஒண்ணு விலகுன மாதிரி இருந்துச்சு. இத்தனை வருசமா இங்கிலீஷ் வரலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இங்கிலீஷ் ஓரளவு வந்துருந்துச்சு, நடந்ததைச் சொல்றதுதான் வரல. ஒன்பதாவதுல நாங்க கத்துக்கிட்டது லெட்டரோட தலையும் காலும் மட்டும்தான், ரெஸ்பெக்டெட் சாரும் யுவர்ஸ் ஒபீடியன்ட்லியும். நடுவுல ஒரு காய்ச்சலை வச்சு அடைச்சுட்டாங்க. நடுவுல நம்ம கதையை வைக்கணும்னு யாரும் சொல்லித் தரல.

அப்புறம் உருவத்துக்கு வந்தாரு. நம்ம ஆபீஸ் லெட்டர்ல பொருள்னு ஒண்ணும் பார்வைன்னு ஒண்ணும் போடுறோமே, அதுதான் இங்கிலீஷ்ல சப்ஜெக்டும் ரெஃபரன்ஸும், பொருளைப் படிச்சதுமே அது எந்த சீட்டுக்குப் போகணும்னு தெரியணும், பார்வையைப் படிச்சா இவன் சும்மா வரல, ஆதாரத்தோட வந்திருக்கான்னு தெரியணும்னாரு. தபால் ஆபீஸ்ல வர்ற லெட்டரைப் பிரிக்கிறவங்க மேல ரெண்டு வரியைத்தான் முதல்ல பாப்பாங்களாம். ரெஸ்பெக்டெட் சாரை அடிச்சுட்டு டியர் சார்னு போடச் சொன்னாரு. எனக்கு ஒத்துக்கவே முடியல, முகம் தெரியாத மேனேஜரை எப்பிடி டியர்னு கூப்பிடுறது, அது அன்பேங்கிற மாதிரில்ல இருக்கு? "அவங்களுக்கு அது நம்ம வணக்கம் மாதிரி, ஒண்ணும் ஆகாது. பேர் தெரியாம டியர் சார்னு போட்டா கடைசில யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, பேர் போட்டு எழுதுனா யுவர்ஸ் சின்சியர்லி"ன்னாரு. நீட்ஃபுல்லையும் அடிச்சாரு. ஆவன செய்யுமாறுன்னு நாம எழுதுறோமே, அதே விசயம்தான், ஆனா ஆவன எது எதுன்னு நீ சொல்லலைன்னா அவனுக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டாரு. இவ்வளவுக்கும் பெரியப்பா போடுற ஆர்.டி.ஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு எல்லாம் தமிழ்லதான் இருக்கும். 2005 சட்டத்துலயே இங்கிலீஷ், இந்தி, இல்ல அந்தப் பகுதியோட ஆட்சி மொழின்னு எழுதியிருக்கு, அதைச் சொல்லும்போது அவரு குரல்லயே ஒரு நிமிர்வு இருக்கும்.

பார்வைல என்ன போடுறதுன்னு அன்னைக்கு ராத்திரி நான் தேடினேன். ரிசர்வ் வங்கியோட சுற்றறிக்கை கிடைச்சுது, 2019 செப்டம்பர் 20 தேதி. ஏடிஎம்ல பணம் வராம கணக்குல கழிஞ்சா, பரிவர்த்தனை நடந்த நாள்ல இருந்து அஞ்சு நாளைக்குள்ள பேங்க் தானாவே திருப்பிப் போடணும், தாண்டினா ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபா கணக்குல சேக்கணும், வாடிக்கையாளர் கேக்கணும்னு கூட அவசியம் இல்ல. படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்பிடியே உக்காந்திருந்தேன். எந்தப் பணத்துக்காக பெரிய மனசு பண்ணுங்கன்னு ஒரு பக்கம் கெஞ்சினேனோ, அந்தப் பணம் ஜூன் 9ஆம் தேதியே அப்பா கணக்குக்கு வந்திருக்கணும். அப்பா சுகர் மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவரு பணக்காரரா இருந்தாலும் அதே அஞ்சு நாள்தான், அதே நூறு ரூபாதான்.

ஜூன் 30, புது லெட்டர். பொருள் ஒரு வரி, பார்வை ரெண்டு வரி, நடந்தது ஏழு வரி. கடைசில, முதல்ல புகார் குடுத்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள தீரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போவோம்னு ஒரு வரி. அரைப் பக்கம் கூட வரல. ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல சீலும் தேதியும் வாங்கிட்டு வரணும்னு பெரியப்பா சொல்லி அனுப்பினாரு. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். அதே கவுன்டர், அதே ஆளு. படிச்சாரு, ஸ்லிப் ஜெராக்ஸைத் திருப்பிப் பாத்தாரு, எந்திரிச்சு மேனேஜர் ரூமுக்குள்ள போனாரு. ஜூலை 8ஆம் தேதி பத்தாயிரம் வந்துருச்சு. ரெண்டு நாள் கழிச்சு தனியா 2,900 வந்துச்சு, 29 நாளைக்கு. அப்பா அந்த மெசேஜை என்கிட்ட நாலு வாட்டி படிக்கச் சொன்னாரு.

ராமானுஜனும் பெக் டு போட்டிருக்காரு

இதுக்கப்புறம் கொஞ்ச நாள் எனக்கு அந்த ஹம்ப்ளி பெக் மேல பயங்கரக் கோவம். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கும்பிடு, அதை ஒழிக்கணும்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். பாதி சரிதான். அந்தக் காலத்துல அவங்க அதிகாரிங்களே ஒருத்தருக்கொருத்தர் எழுதும்போது "யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்"னு கையெழுத்து போட்டுக்கிட்டாங்க. அவங்களுக்கு அது தேஞ்சுபோன காசு, யாரும் அதைச் சொன்னபடி எடுத்துக்கல. நம்ம கைக்கு வரும்போதுதான் அது நெசமாவே கைகட்டி நிக்கிறதா மாறிடுச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

ஆனா கணித மேதை ராமானுஜன் எழுதின ரெண்டு லெட்டரைப் படிச்சப்ப என் கோவம் கொஞ்சம் இடம் மாறுச்சு. கும்பகோணம் காலேஜ்ல இங்கிலீஷ் கட்டுரைத் தாள்ல தவறி ஸ்காலர்ஷிப்பை விட்ட மனுசன் அவரு. 1912 பிப்ரவரி 9, திருவல்லிக்கேணில இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு கிளார்க் வேலை கேட்டு எழுதுறாரு. நாலஞ்சு வாக்கியம்தான். ஆரம்பமும் பெக், முடிவும் பெக், கையெழுத்துக்கு மேல ஒபீடியன்ட் சர்வன்ட். ஆனா நடுவுல பாருங்க, மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ (அந்தக் காலத்து காலேஜ் முதல் கட்டப் படிப்பு) வரைக்கும் படிச்சேன், மேல தொடர முடியாமப் போச்சு, இப்ப முழு நேரமும் கணக்குலதான் இருக்கேன், வேலை குடுத்தா சரியாச் செய்வேன்னு நம்பிக்கை இருக்குன்னு எழுதுறாரு. மார்ச் 1 வேலைல சேந்துட்டாரு.

அடுத்த வருசம் 1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜ்ல இருக்கிற ஹார்டிங்கிற கணித அறிஞருக்கு எழுதுன லெட்டர். அதுக்கு முன்னாடி அங்கயே வேற ரெண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி ஒண்ணும் நடக்கல. இதுலயும் முதல் வரிலயே பெக் வந்துருது. ஆனா அதே வாக்கியத்துல, நான் சென்னைத் துறைமுகத்துல கணக்குப் பிரிவு கிளார்க், சம்பளம் வருசத்துக்கு வெறும் 20 பவுண்டுன்னு சொல்லிடுறாரு. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாதுங்கிறதையும் மறைக்கல. எல்லாரும் போற வழில நான் போகல, எனக்குன்னு ஒரு புது வழி போட்டுக்கிட்டிருக்கேன்னு எழுதுறாரு. கூடவே பக்கம் பக்கமா சூத்திரங்கள். தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு முடிக்கிறாரு. அந்த மன்னிப்பைப் பாத்து ஹார்டி அவரைக் கூப்பிடல, உள்ள இருந்த கணக்கைப் பாத்துக் கூப்பிட்டாரு. பெக்குக்கு அப்புறம் அவருக்கு ஒரு நிற்க இருந்துச்சு.

அதனால இப்ப யாராவது ஹம்ப்ளி போட்டா நான் சண்டைக்குப் போறதில்ல. ஆபீஸ்ல புதுசா சேர்ற பிள்ளைங்க லெட்டரைக் கொண்டு வந்து காட்டும்போது கிராமரைக் கடைசிலதான் பாக்குறேன். முதல்ல தமிழ்ல சொல்லு, என்ன நடந்துச்சு, என்ன வேணும்னு கேக்குறேன். பாதிப் பேருக்கு அங்கயே நின்னுரும், பாவம், என்ன வேணும்னு அவங்களே முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க. இப்ப போன்கிட்ட கேட்டா அதுவே அழகா எழுதிக் குடுத்துருது, நானும் அதை வச்சு எழுத்துப்பிழை பாக்குறேன், வேண்டாம்னு சொல்லல. ஆனா நாலாம் தேதி சாயங்காலம் எந்த மெஷின் முன்னாடி நின்னோம்னு நாம சொல்லாம அதுக்குத் தெரியாது. நாம சொல்லலைன்னா அதுவும் ஒரு காய்ச்சலைத்தான் எழுதும்.

அன்னைக்கு ராத்திரி அக்கா பையன் சாப்பிட்டுட்டு வந்தான். ஏன் லீவு வேணும், தமிழ்ல சொல்லுடான்னேன். "எங்க வீட்ல முளைப்பாரி எடுக்கிறாங்க, நான் அம்மா கூடப் போகணும், வெள்ளியும் திங்களும் வர முடியாது." எழுதுன்னேன். ஃபேமிலி தெரிஞ்சுது, டெம்பிள் ஃபெஸ்டிவல் தெரிஞ்சுது, டேக்கிங்குக்கு அப்புறம் பேனா நின்னுருச்சு. நிமிந்து பாத்தான்.

"சித்தி, முளைப்பாரிக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"முளைப்பாரிதான்டா. அப்பிடியே எழுது."

"அப்பிடியே எழுதலாமா?"

"எழுதலாம்."

நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் போட்டான். பாதில நிறுத்தி, "ப்பாவுக்கு பி ஒண்ணா ரெண்டா?"ன்னு கேட்டான். ரெண்டுன்னு சொல்லிட்டு பேனாவை வாங்கி கீழ சைன் போட்டுக் குடுத்தேன்.